வேலியோரத்துத் தேன்சிட்டு

வெளிநாட்டுத் தோட்டக்கலைப் புத்தகங்களில் ஒரு படம் அடிக்கடி வரும். மெல்லிய தண்டின் நுனியில் குட்டிக் குட்டியாய்ச் சிவப்பு மணிகள். அவற்றின் முன்னால், சிறகடித்தபடி அந்தரத்தில் நிற்கும் ஒரு பொடிக் குருவி. பூவின் பெயர் 'கோரல் பெல்ஸ்'. பவள மணி என்று நாம் சொல்லிக் கொள்ளலாம். குருவியின் பெயர் 'ஹம்மிங் பேர்ட்'.

"உம்மா, இந்தச் செடியை எங்க வாங்கலாம்?" என்று என் மகள் ஒருநாள் கேட்டாள்.

வாங்கினாலும் பயனில்லை! அது வட அமெரிக்காவின் மலைப் பாறை இடுக்குகளில், குளிரில் வளரும் செடி. நமது சித்திரை வெயிலுக்கு ஒரு வாரம் கூடத் தாங்காது. ஹம்மிங் பேர்டோ அமெரிக்கக் கண்டங்களைத் தவிர உலகில் வேறெங்குமே இயற்கையாக வாழ்வதில்லை. ஆனால், பூவுக்குள் அலகை நீட்டித் தேன் குடிக்கும் அதே வேலைக்கு நமக்கென்று ஒரு பறவை இருக்கிறதே! கட்டைவிரல் பருமனுள்ள தேன்சிட்டுத்தான் அது.

இதையெல்லாம் நான் கண்ணால் பார்த்துப் படித்த இடம் திருநெல்வேலி. தமிழ்நாட்டுத் திருநெல்வேலி அல்ல, சகோதரிகளே! யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலி. ஊரார் வாயில் அது 'தின்னவேலி'. நான் பிறந்தது அங்கிருந்து கூப்பிடு தூரமான சோனகத் தெருவில். 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நாங்கள் புத்தளம் வந்து சேர்ந்தோம். பல வருடங்களுக்குப் பின் என் மகளுக்கு அந்தப் பல்கலைக்கழகத்திலேயே இடம் கிடைத்தது. அவளுக்குத் துணையாகத் திருநெல்வேலியில் ஒரு வீட்டில் அறை எடுத்துச் சில மாதங்கள் தங்கினேன்.

வீட்டுக்காரம்மாவை 'அன்ரி' என்றுதான் கூப்பிடுவோம். அவர் வளவின் முன்பக்கம் மதில். பின்பக்கம் இன்னும் பழைய வேலி. கிளுவையும் முள்முருக்கும் கதியாலாக நட்டது. முள்முருக்கு சிவப்பாய்ப் பூத்துவிட்டால் சுபஹ் தொழுது முடித்துக் கதவைத் திறக்கும்போதே கீச்சுக் கீச்சென்று சத்தம் கேட்கும். ஆண் சிட்டின் உச்சந்தலை பச்சையாய் மின்னும், வயிறு மஞ்சள். பெண்ணுக்கு அந்தப் பகட்டு இல்லை. உடம்பு முழுக்கக் கருநீலமாய் மின்னும் இன்னொரு வகையும் வரும். இன்று ஊரெல்லாம் வேலியை வெட்டி மதில் கட்டுகிறார்கள். மதிலில் பூப் பூக்குமா? குருவி குறைந்து போயிற்றே என்று பிறகு அங்கலாய்க்கிறோம்.

அன்ரி வீட்டில் விலை கொடுத்து வாங்கிய செடி ஒன்றுகூட இல்லை. செவ்வரத்தை, எக்ஸோரா, மாதுளை, கிணற்றடி வாழை. வாழைப்பொத்தியின் மடல் விரியும்போது உள்ளே தேன் இருக்கும். சிட்டு தலைகீழாகத் தொங்கிக் குடிப்பதைப் பார்க்க வேண்டும்! இன்னொரு செடி ரஸ்ஸெலியா. இலை இருப்பதே தெரியாத ஊசிப் பச்சைத் தண்டுகள், அவற்றில் பவளச் சிவப்பில் குழல் குழலாய்ப் பூக்கள். புத்தகப் படத்துப் பவள மணிக்கு நம் ஊரில் இதைவிடப் பொருத்தமான பதில் கிடையாது. தடி ஒடித்து நட்டாலே வேர் பிடிக்கும்.

வண்ணத்துப்பூச்சியின் கதை வேறு. அதற்குப் பூ மட்டும் போதாது. முட்டையிட இலையும் வேண்டும். இங்கேதான் எனக்கும் அன்ரிக்கும் வழக்கு வந்தது! ஒருநாள் கறிவேப்பிலைக் கன்றைப் பார்த்தால் கொழுந்தெல்லாம் மொட்டை. பறவை எச்சம் போலச் சில புழுக்கள், பச்சையாய்க் கொழுத்த சில. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு போல ஒன்றை நீட்டி நாற்றமடிக்கின்றன. மருந்து வாங்கி அடிப்போமா என்று கேட்டேன்.

"விடுங்கோ பிள்ளை! மருந்தை அடிச்சுப்போட்டு நாளைக்கு அந்த இலையை ரசத்துக்குப் போடுவியளோ? கிணறும் பக்கத்தில கிடக்கு" என்றார்.

எனக்கு வாயடைத்துப் போயிற்று. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல்; மேலே ஊற்றியது கீழே கிணற்றுக்கு இறங்கும். தோட்டத்துக்குக் கொட்டும் உரத்தாலும் மலசலகூடக் குழிகளாலும் அங்கே பல கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிள்ளைக்குப் பால்மா கரைப்பதும் அதே தண்ணீரில்தானே!

அன்ரியின் வழி எளிது. சின்னக் கன்றில் இருக்கும் புழுவைக் குச்சியால் எடுத்து வேலியோரத்துப் பெரிய கறிவேப்பிலையில் விடுவார். பெரிய மரம் தாங்கிக் கொள்ளும். தேசி மரத்துக்கும் இதே கணக்குத்தான். முட்டையிலிருந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் கறுப்பு நிற வண்ணத்துப்பூச்சி வெளியே வருகிறது. இதில் ஒரு வேடிக்கை! இந்த இனத்துப் பெண்களில் சில, சிவப்புடல் கொண்ட இன்னொரு வண்ணத்துப்பூச்சியைப் போலவே வேடம் போடும். அந்த மற்றது ஆடுதின்னாப்பாளை இலையைத் தின்று வளர்வதால் அதன் உடம்பில் நஞ்சு; குருவிகள் தொடுவதில்லை. அதன் உடுப்பை இது கடன் வாங்கிக் கொள்கிறது!

பெருநாளைக்குக் கைக்கு அரைக்க நாம் மருதோன்றியை ஒட்ட வெட்டிவிடுகிறோம் அல்லவா? ஒரு கிளையைப் பூக்க விட்டுப் பாருங்கள். வாசமும் வரும், வண்ணத்துப்பூச்சியும் வரும். பட்டிப்பூவுக்குத் தண்ணீர் ஊற்றும் சிரமம்கூட இல்லை. நாயுண்ணியை மட்டும் நடாதீர்கள்; பூச்சி வரும், ஆனால் வளவையே பிடித்துவிடும். கிணற்றடி ஈரமண்ணிலும் பூச்சிகள் கூட்டமாய் இறங்கும். மண்ணிலுள்ள உப்பை உறிஞ்சத்தான். குளிக்கும் தண்ணீர் ஓடும் இடத்தைச் சீமெந்து போட்டு முழுதாக மூடிவிடாதீர்கள்.

அந்த மாதங்களில் ஒருநாள் சோனகத் தெருவுக்குப் போய் எங்கள் வளவைப் பார்த்தேன். கூரை இல்லை. உம்மா வைத்த மாதுளையும் இல்லை. அது நின்ற இடத்தில் எருக்கலை ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தது. அதன் இலையில் கறுப்பும் மஞ்சளும் வரிவரியாய் ஒரு புழு. செம்மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சிகள் நாலைந்து சுற்றிப் பறந்தன. வளவைத் துப்புரவாக்க வந்தவரிடம் அந்த எருக்கலையை மட்டும் விடச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்!

புத்தளம் திரும்பும்போது அன்ரி ரஸ்ஸெலியாத் தடி நாலு, ஈரச் சாக்கில் சுற்றித் தந்தார். மூன்று பிழைத்தன. பூத்த கொஞ்ச நாளில் தேன்சிட்டுச் சோடியும் வந்துவிட்டது. ஆண் சிட்டு என் கணவரின் மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்து, எதிரி வந்துவிட்டான் என்று கொத்திக் கொண்டேயிருக்கிறது. கண்ணாடிக்குப் பழைய துணிப்பை ஒன்றை மாட்டி வைத்திருக்கிறோம்.