சுனாமி என்றால் என்ன?



2024-இல் பெஞ்சல் புயல் மழை கொட்டித் தீர்த்தபோது, "சுனாமி மாதிரி தண்ணி வந்துச்சு" என்று நம் குழுக் கூட்டத்திலேயே பேசிக்கொண்டோம். ஆனால் ஆற்று வெள்ளம் வேறு, சுனாமி வேறு.

இது ஜப்பான் நாட்டுச் சொல். 'ட்சு' என்றால் துறைமுகம், 'நாமி' என்றால் அலை. நடுக்கடலில் மீன் பிடிக்கப் போனவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கரைக்குத் திரும்பிப் பார்த்தால் துறைமுகமே அழிந்து கிடக்கும். அதனால் 'துறைமுக அலை' என்று பேர் வந்ததாகச் சொல்வார்கள். ஆங்கிலக்காரர்களும் இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். தமிழில் ஆழிப்பேரலை என்கிறோம். நல்ல சொல்தான், ஆனாலும் நம் வாயில் சுனாமிதான் வருகிறது!

காற்றாலோ மழையாலோ சுனாமி வருவதில்லை. பெரும்பாலும் கடலுக்கு அடியில் பூமி அதிர்ந்து, அடித்தரை தூக்கிப்போடும்போது மேலே உள்ள தண்ணீர் மொத்தமும் நகர்கிறது. ஆழ்கடலில் அது விமான வேகத்தில் ஓடும். ஆனால் உயரம் குறைவு, படகில் இருப்பவருக்குத் தெரியாது. கரையை நெருங்கும்போது வேகம் குறைந்து, அலை எழும்பும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி வாக்கில் இந்தோனேசியாவின் சுமத்ரா அருகே நிலநடுக்கம். சுமார் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் நம் கரைக்கு அலை வந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் நமக்குச் சொல்ல ஆளில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள். கடலூரும் தப்பவில்லை. 2007-இல்தான் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கினார்கள்.

'திருநாவலூரில் இருக்கிற நமக்கு என்ன?' என்று கேட்கலாம். மாசி மகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தேவனாம்பட்டினம் போகிறோமே! திடீரென்று கடல் உள்வாங்கித் தரை தெரிந்தால், கிளிஞ்சல் பொறுக்கப் பிள்ளைகளை விடாதீர்கள். அன்றைக்குப் பல ஊர்களில் அப்படி வேடிக்கை பார்க்கப் போனவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். பையும் செருப்பும் கிடக்கட்டும். உடனே கரையை விட்டு மேட்டுப்பக்கம் ஓடுங்கள். மேடு இல்லையென்றால் உறுதியான மாடிக் கட்டடத்தில் ஏறுங்கள். எல்லாச் சுனாமிக்கும் கடல் உள்வாங்காது, சில சமயம் நேராகவே அலை வரும். முதல் அலை போனதும் சாமான் எடுக்கத் திரும்பக் கூடாது. அடுத்தது இன்னும் பெரிதாக வரலாம், பல மணி நேரம்கூட வந்துகொண்டிருக்கும். அதிகாரிகள் சொன்ன பிறகுதான் கரைப்பக்கம் போக வேண்டும்.