கடைசி பஸ் போகும் முன்: புயல் நாளில் வெளியேற வேண்டிய நேரம் எது?

புயல் எச்சரிக்கை வந்தால் நம்மில் பலர் முதலில் கேட்பது, "எத்தனை மணிக்குக் கரையைக் கடக்குமாம்?" என்பதுதான். பஸ்ஸையும் ரயிலையும் நம்பியிருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" இந்த இரண்டு நேரங்களுக்கும் இடையில் ஒரு முழு நாளே இருக்கலாம்.

2012 ஒக்டோபரில் நியூயோர்க்கைத் தாக்கிய சண்டி புயல் இதற்கு நல்ல உதாரணம். புயல் கரையைக் கடந்தது 29ஆம் திகதி திங்கட்கிழமை இரவு. ஆனால் சுரங்க ரயில்களை நிறுத்தும் பணி முதல் நாள் ஞாயிறு மாலை 7 மணிக்கே ஆரம்பமாகிவிட்டது. பஸ்கள் 9 மணி முதல் நிறுத்தப்பட்டன. தாழ்வான கரையோரத்தில் வாழ்ந்த சுமார் 375,000 பேரை வெளியேறுமாறு மேயர் உத்தரவிட்டதும் அதே ஞாயிறு முற்பகலில்தான். சொந்த வாகனம் இல்லாத குடும்பங்களுக்குக் கிடைத்தது ஒரு பகல்கூட இல்லை.

இவ்வளவு முன்கூட்டியே ஏன் நிறுத்துகிறார்கள்? அவ்வளவு பெரிய ரயில் வலையமைப்பை ஒழுங்காக மூடவே சுமார் 8 மணித்தியாலங்கள் தேவை. வெள்ளம் ஏறக்கூடிய தரிப்பிடங்களிலிருந்து ரயில்களை மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். பலத்த காற்றில் மேம்பாலப் பாதைகளில் ரயில் ஓட்ட முடியாது. சாரதிகளும் ஊழியர்களும் தங்கள் வீடுகளுக்குப் போய்ச் சேர வேண்டும்.

அதன் பிறகு எஞ்சுவது டாக்ஸியும் கால்நடையும்தான். 2011இல் ஐரீன் புயலின்போது அந்நகரம் டாக்ஸிகளுக்கு வலயக் கட்டணத்தை அறிவித்து, ஒரே வண்டியில் பலரை ஏற்றவும் அனுமதித்தது. இருக்கின்ற சில வாகனங்களில் கூடுதலானோர் போய்ச் சேர அது வழிசெய்தது.

நமது நாட்டிலும் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது ரயில் சேவைகள் நிறுத்தப்பட்டன. பஸ் விடயத்தில் நமது நிலை இன்னும் சிக்கலானது. இ.போ.ச. பஸ்களோடு தனியார் பஸ்களும் ஓடும் ஊர்களில், வீதியில் தண்ணீர் ஏறினால் சாரதி பாதி வழியிலேயே திரும்பிவிடலாம். எனவே அறிவிப்பை எதிர்பார்த்து நிற்காமல், பகல் வெளிச்சம் இருக்கும்போதே புறப்படுவதுதான் புத்திசாலித்தனம் என்பது எனது கருத்து.

இதில் பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் பெரிய பங்குண்டு. மஹல்லாவில் வாகனம் இல்லாத வீடுகள் எவை, நடக்க முடியாத முதியவர்கள், கர்ப்பிணிகள் யார், வேனும் முச்சக்கர வண்டியும் வைத்திருப்பவர்கள் யார் என்று மழைக்காலத்துக்கு முன்பே ஒரு பட்டியல் தயாரித்து வைக்கலாம். எரிபொருள் செலவை பைத்துல்மாலிலிருந்து கொடுக்கலாம். எச்சரிக்கை வந்ததும் ஒலிபெருக்கியில் புயல் செய்தியை மட்டும் சொல்லாமல், எந்த வண்டி எங்கிருந்து எத்தனை மணிக்குப் புறப்படும் என்பதையும் அறிவிக்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தையும் எல்லோருக்கும் தெரியப்படுத்த வேண்டும்.

"பள்ளிக்குப் போகாமல் எப்படி?" என்று தயங்குவோர் உண்டு. கடும் மழை பெய்த ஒரு ஜுமுஆ நாளில், வீடுகளிலேயே தொழுதுகொள்ளுமாறு அதானில் அறிவிக்கும்படி இப்னு அப்பாஸ் (ரழி) முஅத்தினுக்குக் கூறியது புஹாரி, முஸ்லிம் கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. நபி (ஸல்) அவர்கள் செய்ததையே தானும் செய்வதாக அவர் விளக்கினார். மக்களைச் சிரமத்திலும் ஆபத்திலும் தள்ளாதிருப்பது மார்க்கம் காட்டிய வழி.

தவக்குல் வைப்பதற்கு முன் ஒட்டகத்தைக் கட்டச் சொன்ன மார்க்கம் நம்முடையது. புயல் நாளில் ஒட்டகத்தைக் கட்டுவது என்றால், கடைசி பஸ் போவதற்கு முன்பே உம்மா வாப்பாவை மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான்.