சுவீடிஷ் மொழியில் "என்னுடைய"



வெளிநாடு போக நினைக்கும் நம் பிள்ளைகளுக்காக, இம்முறை சுவீடன் நாட்டு மொழியில் ஒரு சின்னப் பாடம் தருகிறோம்.

தமிழில் நாம் எதற்கும் "என்னுடைய" என்றே சொல்லிவிடுவோம். சுவீடிஷில் அப்படியில்லை. அங்கே பெயர்ச்சொற்கள் இரண்டு வகை. என் கார் "மின் பீல்". என் வீடு "மிட் ஹூஸ்". ஒன்றுக்கு மேலே இருந்தால் எல்லாத்துக்கும் "மீனா". நம்ம பொம்பளப்பிள்ளை பேர்தானே, மறக்காது.

இதில் கவனம் வேணும். பிள்ளைக்கும் "பார்ன்", பிள்ளைகளுக்கும் "பார்ன்" தான். "மிட் பார்ன்" என்றால் ஒரு பிள்ளை. "மீனா பார்ன்" என்றால் பல பிள்ளைகள். மூன்று பிள்ளைக்காரர் அலுவலகத்தில் "மிட் பார்ன்" என்று சொன்னால், ஒரு பிள்ளைக்குத்தான் எழுதுவார்கள்.

அடுத்தது "ஸின்". இது நம்ம "தன்" மாதிரி. அவள் "ஸின்" பையை எடுத்தாள் என்றால் தன் பை. "ஹென்னெஸ்" பையை எடுத்தாள் என்றால் இன்னொருத்தியின் பை! ஒரு சொல் மாறினால் களவுப் பழியே வந்துவிடும். "மின்" மாறுவது போலவே இதுவும் "ஸிட்", "ஸீனா" என்று மாறும்.

தினமும் வீட்டுச் சாமான் ஐந்தைத் தொட்டுக்காட்டி, சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். பழகப் பழக நாக்குக்கு வந்துவிடும்.