வெளுத்துப் பச்சை பூக்கும் புழு

பின்னலாடை இயந்திரங்களின் ஓசை இரவும் பகலும் ஓயாத பெருமாநல்லூரிலிருந்து தெற்கே பல்லடம், உடுமலைப் பக்கம் செல்வோர், கோழித் தீவனத்துக்கென விளையும் மக்காச்சோளக் காடுகளைக் காண்பர். 2018 மே மாதம் கர்நாடகத்துச் சிவமொக்காவில் இந்தியாவிலேயே முதன்முதலாகக் கண்டறியப்பட்ட அமெரிக்கப் படைப்புழு, அவ்வாண்டிலேயே தமிழகத்துக்கும் வந்து, குருத்துக்குள் புகுந்து இலைகளைச் சல்லடையாக்கிற்று.

ஆயினும் ஈரம் மிகுந்த நாட்களில், இந்தப் படைப்புழுக்களில் சில, இலையைப் பற்றியபடியே விறைத்து, பஞ்சு போர்த்தாற்போல் வெளுத்து, பின்னர் இளம்பச்சைப் பொடி பூத்துக் கிடப்பதுண்டு. மெட்டாரைசியம் ரைலியி என்னும் பூஞ்சையின் காரியம் அது: அதன் வித்து, தோலில் ஒட்டி முளைத்து, துளைத்து உட்புகுந்து, சரீரமெங்கும் பரவி, ஏறக்குறைய ஒரு வாரத்தில் பிராணனைப் போக்கிவிட, அந்தப் பச்சைப் பொடியைக் காற்றும் மழைத்துளியும் அடுத்த புழுவிடம் சேர்க்கின்றன. எத்தனை அற்புதமான ஏற்பாடு!

வனங்களிலும் இதுவே நியதி. ஜப்பானைத் தாயகமாகக் கொண்ட என்டமோஃபாகா மைமைகா என்னும் பூஞ்சை, 1989இல் அமெரிக்காவின் வடகிழக்குக் காடுகளில், ஓக் மரங்களை மொட்டையடித்துவந்த ஓர் அந்துப்பூச்சியின் புழுக்களைத் திரள்திரளாக மாய்த்தது.

குருத்தில் வெளுத்த புழுவைக் காணும் விவசாய அன்பர்கள், அதைப் பிடுங்கி எறியாமலும், அதன்மேல் பூஞ்சைக்கொல்லி தெளிக்காமலும் விட்டுவைக்க வேண்டுகிறேன்.