பெருங்குடல் அடைத்துக்கொண்டால்

வயல் வாய்க்காலில் மரக்கட்டை குறுக்கே விழுந்தால் என்ன நடக்கும் என்பதை எம்மவர்க்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேற்பக்கம் நீர் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் மெலிந்த இடத்தில் வரம்பு உடைக்கும். பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி வளர்ந்து பாதையை மூடும்போதும் நடப்பது இதுவே.

இந்த அடைப்பு பெரும்பாலும் இடப்பக்கக் குடலிலேயே ஏற்படுகின்றது. அங்கே குடல் ஒடுக்கம், மலமும் இறுகியிருக்கும். வயிறு ஊதும். வலி விட்டுவிட்டு முறுக்கும். மலம் போகாது, வாயுவும் பிரியாது. வாந்தி பிந்தித்தான் வரும். அதுவரை பார்த்திருக்கக் கூடாது. சிலருக்குப் பல மாதங்கள் முன்பே மலத்தோடு இரத்தம் போயிருக்கும், உடம்பு மெலிந்திருக்கும். மூலவியாதி என்று விட்டிருப்பார்கள்.

இந்நிலையில் ஆமணக்கெண்ணெயோ பேதி மாத்திரையோ கொடுக்கவே வேண்டாம். அடைத்த வாய்க்காலுக்கு மேலும் நீர் திறந்துவிடுவது போன்றது அது. குடல் வெடித்தால் மலம் வயிற்றினுள் பரவி உயிருக்கே ஆபத்தாகும்.

ஊரைவிட்டு வந்து பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ இருப்போர் அன்றைக்கே கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கோ களுபோவில போதனா வைத்தியசாலைக்கோ போகவேண்டும். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். அடையாள அட்டை தொலைந்துவிட்டது, சிங்களம் தெரியாது என்று தயங்கி நிற்கவேண்டாம். கடைசியாக மலமும் வாயுவும் எப்போது போயின என்பதை, தெரிந்த ஒருவரைக் கொண்டு சிங்களத்தில் ஒரு துண்டில் எழுதுவித்துக் கொண்டுபோனால் நல்லது.

வைத்தியசாலையில் முதலில் வாயால் எதுவும் கொடுக்கமாட்டார்கள். சேலைன் ஏற்றுவார்கள்; மூக்கு வழியே குழாய் விட்டு வயிற்றில் தேங்கியதை வெளியே எடுப்பார்கள்; ஸ்கான் செய்து அடைப்பு எங்கே என்று பார்ப்பார்கள். அதன் பிறகே சிகிச்சை முடிவாகும்.

கட்டி வலப்பக்கம் என்றால், அந்தப் பகுதியை வெட்டியெடுத்து இரு முனைகளையும் ஒரே சத்திரசிகிச்சையில் பொருத்திவிடுவது வழக்கம். இடப்பக்கம் என்றால் யோசனை கூடும். ஊதி வீங்கிய குடலைப் பொருத்தினால் தையல் விட்டுப்போகலாம். எனவே கட்டியை எடுத்துவிட்டு, மேல்முனையை வயிற்றுச் சுவரில் ஒரு வாயாக வைத்து, அதன்மேல் பை ஒட்டுவார்கள். பிரெஞ்சு வைத்தியர் ஹார்ட்மன் 1921இல் விபரித்த முறை இது. நோயாளி மிகவும் தளர்ந்திருந்தால் முதலில் வாயை மட்டும் வைத்து, கட்டியைப் பின்னர் எடுப்பதும் உண்டு. குளக்கட்டு உடையுமுன் ஓரத்தில் வெட்டி நீரை விடுகிறோமே, அது போல.

இன்னொரு வழி, கமரா பூட்டிய குழாயை ஆசனவாயிலால் செலுத்தி, கட்டியினூடே விரியும் கம்பிவலைக் குழாய் ஒன்றை வைப்பது. இதற்கு ஸ்ரென்ட் என்று பெயர். அவசர சத்திரசிகிச்சையைத் தவிர்த்து, உடம்பைத் தேற்றியபின் ஆறுதலாகச் செய்ய இது இடம் தரும். நோய் ஈரல்வரை பரவி, வெட்டியெடுப்பதில் பயனில்லாதபோது வயிற்று வேதனையைத் தணிக்கவும் உதவும். ஆனால் எல்லா வைத்தியசாலைகளிலும் இவ்வசதி இல்லை; குழாய் இடம் நழுவுவதும் குடலைத் துளைப்பதும் உண்டு.

பையென்றதும் கையொப்பமிட மறுத்து வீட்டுக்கு வந்துவிடுவோர் இருக்கிறார்கள். இதுதான் பெரிய தவறு. பலருக்குச் சில மாதங்களின் பின் வாயை மூடிக் குடலைத் திரும்பவும் பொருத்தலாம். எனக்கு முடியுமா என்று வைத்தியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பை மூன்றிலொரு பங்கு நிரம்பியதும் வெறுமையாக்க வேண்டும். சுற்றியுள்ள தோலை வெந்நீரால் கழுவி, ஈரமின்றித் துடைக்கவேண்டும். முதல் சில மாதங்கள் நெல்மூடை தூக்குவதும் மண்வெட்டி பிடிப்பதும் ஆகாது. பிறகு வைத்தியரின் சம்மதத்தோடு, இடுப்புப் பட்டி கட்டிக்கொண்டு தோட்டவேலை செய்யலாம்.

வெட்டியெடுத்த கட்டியின் பரிசோதனை முடிவைப் பார்த்து, சிலரை மருந்தேற்றும் சிகிச்சைக்காக மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். வடக்குக்குத் திரும்புவோர் தெல்லிப்பழையில் தொடரலாம். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து நிதி திரட்டிக் கட்டிய புற்றுநோய்ப் பிரிவு அங்கே இருக்கிறது. பரிசோதனை அறிக்கையையும் கிளினிக் அட்டையையும் மறவாமல் கூடக் கொண்டுபோங்கள்.