மைலேஜில் மிச்சம், வட்டியில் நட்டமா?

பணியிடம் சென்று திரும்ப நாள்தோறும் 40 கிலோமீட்டர் ஓட்டுவோர்க்கு 100 முதல் 110 சி.சி. வரையிலான மோட்டார் சைக்கிளே போதும். நகர நெரிசலில் பெரிய இஞ்சினின் வேகத்திற்கு வேலையில்லை.

மாதம் 25 நாள் எனில் 1,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கி.மீ. ஓடும் வண்டி 20 லிட்டர் குடிக்கும், 60 கி.மீ. ஓடுவதற்கோ 17 லிட்டரே மிகுதி. மூன்றாண்டில் மிச்சம் 120 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் எனக் கொண்டால் 12,000 ரூபாய்.

விளம்பர மைலேஜை மட்டும் நம்பாமல், அவ்வண்டியை அன்றாடம் ஓட்டுவோரிடம் கேட்டறிவோம். ஷோரூம் விலையோடு சாலை வரி, பதிவுக் கட்டணம், ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு ஆகியவற்றையும் கூட்டிப் பார்ப்போம்.

அடுத்தது கடன். 80,000 ரூபாயை மூன்றாண்டுக்கு 10 சதவீத ‘ஃப்ளாட்’ வட்டியில் பெற்றால், வட்டி மட்டும் 24,000 ரூபாய். அதே 10 சதவீதம், மாதந்தோறும் குறையும் நிலுவைக்குக் கணக்கிடப்பட்டால் ஏறத்தாழ 12,900 ரூபாயே. வேறுபாடு 11,000 ரூபாய்க்கு மேல்! மூன்றாண்டு பெட்ரோல் மிச்சம் அநேகமாக இதிலேயே கரைந்துவிடும்.

ஆகவே கையொப்பமிடுமுன் ஒன்று கேட்போம்: வட்டி முழுக் கடனுக்கா, நிலுவைக்கா?