ஜெட் இன்ஜினுக்குக் கவர்னர் யார்?



நம்ம கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் நிற்கும் பஸ் டிரைவரிடம், "வண்டி வேகமாப் போக என்ன பண்ணுவீங்க அண்ணா?" என்று கேட்டால், "ஆக்சிலேட்டரை மிதிப்பேன் தம்பி" என்பார். விமானி என்ன செய்வார்? தன் கைக்கு அருகில் உள்ள நெம்புகோலை முன்னால் தள்ளுவார். ரெண்டும் ஒண்ணுதானே என்று தோன்றும். ஆனால் விமானி நெம்புகோலைத் தள்ளுவது ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது போலத்தான்! "எனக்கு இவ்வளவு சக்தி வேணும்" என்று அவர் கேட்கிறார். எவ்வளவு எரிபொருளை எந்த நொடியில் விடுவது என்று முடிவு செய்பவர் வேறு ஒருவர். அவரைத்தான் இந்தக் கட்டுரையில் உங்களுக்கு அறிமுகம் செய்யப் போகிறேன்.

நமக்குத் தெரிந்த கவர்னர்

எங்கள் நிலத்துக் கிணற்றில் ஒரு பழைய ஆயில் இன்ஜின் இருக்கிறது. பம்பு தண்ணீர் இழுக்கும்போது இன்ஜினுக்குப் பாரம் அதிகம். திடீரென்று பெல்ட் கழன்று விழுந்தால் பாரமே இல்லை. அப்போது இன்ஜின் தறிகெட்டு ஓட வேண்டும் அல்லவா? ஓடாது. காரணம் கவர்னர்! அதற்குள் இரண்டு குண்டுகள் சுற்றிக்கொண்டே இருக்கும். வேகம் கூடினால் அவை விலகி விரியும். விரியும்போது ஒரு கம்பியை இழுத்து டீசலைக் குறைக்கும். வேகம் குறைந்தால் சுருங்கி, டீசலைக் கூட்டும். 1788-ல் ஜேம்ஸ் வாட் நீராவி இன்ஜினில் பொருத்தியதும் இதே தத்துவம்தான்.

ஜெட் இன்ஜினுக்கும், மின்சாரம் எடுக்கும் கேஸ் டர்பைனுக்கும் கவர்னர் வேண்டும். ஆனால் அங்கே வேலை இதைவிடப் பல மடங்கு கஷ்டம். ஏன்?

முயலும் ஆமையும்

கேஸ் டர்பைனில் முன்னால் இருப்பது கம்பிரசர். அது காற்றை உறிஞ்சி அழுத்தும். நடுவில் எரி அறை. அங்கே எரிபொருள் பீய்ச்சப்பட்டு எரியும். பின்னால் டர்பைன். சூடான வாயு அதைச் சுற்றிவிட்டு வெளியே பாயும். கம்பிரசரும் டர்பைனும் ஒரே தண்டில் கோத்தவை.

இப்போது கவனியுங்கள். கம்பிரசரைச் சுற்றுவது டர்பைன். டர்பைனைச் சுற்றுவது எரிந்த வாயு. அந்த வாயு எரியக் காற்று கொடுப்பது மறுபடியும் கம்பிரசர்! ஆக, காற்று வேண்டுமென்றால் வேகம் வேண்டும். வேகம் வேண்டுமென்றால் எரிபொருள் வேண்டும். எரிபொருள் எரிய முதலில் காற்று வேண்டும்.

எரிபொருள் முயல் மாதிரி. வால்வைத் திறந்தால் கண் இமைப்பதற்குள் வந்துவிடும். காற்று ஆமை மாதிரி. கனமான தண்டு வேகம் எடுத்த பிறகுதான் காற்று கூடும். அதற்குச் சில வினாடிகள் ஆகும். இந்த முயலையும் ஆமையையும் ஒரே கயிற்றில் கட்டி ஓட்டுவதுதான் கவர்னரின் வேலை.

இரண்டு பக்கமும் பள்ளம்

அ) எரிபொருள் அதிகமானால்: சுடரின் வெப்பம் ஏறக்குறைய 2000 டிகிரி செல்சியஸ். டர்பைன் இலைகளின் உலோகம் அதற்கு வெகு முன்பே உருகிவிடும். அதனால்தான் உள்ளே வரும் காற்றில் பெரும்பகுதி எரிப்பதற்கு இல்லாமல் குளிர்விப்பதற்கே செலவாகிறது. எரிபொருளை அள்ளிக் கொட்டினால் இலைகள் கருகும். அதோடு எரி அறையில் அழுத்தம் ஏறி, கம்பிரசரால் காற்றை உள்ளே தள்ள முடியாமல் போகும். காற்று 'டமார்' என்று முன்பக்கமாகவே திரும்பும். இதற்கு 'சர்ஜ்' என்று பெயர்.

ஆ) எரிபொருள் குறைந்தால்: வீசும் காற்றில் மெழுகுவத்தி அணைவது போலச் சுடர் அணைந்துவிடும்.

இந்த இரண்டு பள்ளத்துக்கும் நடுவில் உள்ள வரப்பில்தான் இன்ஜின் நடக்க வேண்டும். அந்த வரப்பும் ஒரே இடத்தில் இருக்காது. 35,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். எனவே அங்கே எரிபொருள் கணக்கே வேறு.

விட்டிலின் இன்ஜின் அலறிய கதை

இங்கிலாந்தின் பிராங்க் விட்டில், தன் முதல் ஜெட் இன்ஜினை 1937 ஏப்ரல் 12 அன்று ரக்பி நகரில் ஓட்டிப் பார்த்தார். இன்ஜின் பற்றிக்கொண்டது. வேகம் ஏறியது. அவர் எரிபொருள் வால்வை மூடினார். அப்போதும் வேகம் ஏறிக்கொண்டே போனது! அலறல் சத்தம் கேட்டுச் சுற்றியிருந்தவர்கள் ஓட்டம் பிடித்தார்கள். காரணம் என்ன தெரியுமா? முன்பே கசிந்த எரிபொருள் எரி அறையின் அடியில் குட்டையாகத் தேங்கியிருந்தது. வால்வு மூடிய பிறகும் அது எரிந்தது. எரிபொருள் நம் கட்டுப்பாட்டில் இல்லையென்றால் இன்ஜினும் நம் கட்டுப்பாட்டில் இல்லை என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது.

இதோ வருகிறார் கவர்னர்!

முதலில் ஜெட் இன்ஜின்களிலும் சுழலும் குண்டு, ஸ்பிரிங், வால்வு இவைதான் இருந்தன. இன்று அந்த வேலையைச் செய்வது 'ஃபேடெக்' என்னும் கணினி. இது வேகம், வெப்பம், அழுத்தம் எல்லாவற்றையும் வினாடிக்குப் பலமுறை அளந்து எரிபொருளை அளவாக விடுகிறது. காற்றையும் சரிசெய்கிறது. நம்ம வீடூர் அணையில் தண்ணீர் நிரம்பினால் ஷட்டரைத் திறந்து சங்கராபரணி ஆற்றில் விடுவார்கள் அல்லவா? அதுபோல கம்பிரசரின் நடுவில் உள்ள வால்வுகளைத் திறந்து கொஞ்சம் காற்றை வெளியே விட்டு, சர்ஜ் வராமல் தடுக்கிறது. ஒரு கணினி பழுதானால் காப்பாற்ற அருகிலேயே இன்னொன்றும் இருக்கும்.

எவ்வளவு பத்திரமாகப் போனாலும் ஆமை நடையும் கூடாது. குறைந்த வேகத்தில் ஓடும் இன்ஜின், புறப்படும்போது தரும் சக்தியில் 95 சதவீதத்தை 5 வினாடிக்குள் தர வேண்டும் என்று அமெரிக்க விமான விதி சொல்கிறது.

சில வினாடிகளின் விலை

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம் விழுந்து 260 பேர் இறந்ததை நாம் மறக்க முடியாது. 2025 ஜூலையில் வந்த முதற்கட்ட விசாரணை அறிக்கையைப் பற்றிப் படித்தேன். மேலே எழும்பியதும் இரண்டு இன்ஜின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் சுமார் ஒரு வினாடி இடைவெளியில் 'நிறுத்து' நிலைக்குப் போயின. ஏன் போயின என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. சுமார் 10 வினாடி கழித்து ஒரு சுவிட்சும், மேலும் 4 வினாடி கழித்து இன்னொன்றும் 'ஓடு' நிலைக்குத் திரும்பின. ஃபேடெக் தானாகவே மறுபடி பற்றவைக்கத் தொடங்கியது. இரண்டு இன்ஜினும் பற்றிக்கொண்டன. முதல் இன்ஜின் வேகம் மீளத் தொடங்கியது. இரண்டாவதன் வேகம் இறங்கிக்கொண்டே இருந்தது. அதற்குள் உயரம் தீர்ந்துவிட்டது. முயல் திரும்பி வந்தது, ஆமை வந்து சேர நேரம் இல்லை. அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

சென்னையிலும் உண்டு

1996-ல் வடசென்னை பேசின் பாலத்தில், 30 மெகாவாட் கேஸ் டர்பைன்கள் நான்கு நிறுவப்பட்டன. மின் நிலையத்துக் கவர்னரின் கவலை வேறு. நம் நாட்டில் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று, அதாவது 50 ஹெர்ட்ஸ். சாயங்காலம் எல்லா வீட்டிலும் லைட்டும் ஃபேனும் போட்டால் பாரம் ஏறி ஜெனரேட்டர் மெதுவாகப் பார்க்கும். உடனே கவர்னர் எரிபொருளைக் கூட்ட வேண்டும். நம்ம கிணற்று இன்ஜின் கதைதான், அளவு மட்டும் பெரிசு!

காவேரி என்று ஒரு இன்ஜின்

நம் நதியின் பெயரில் ஒரு ஜெட் இன்ஜின் இருப்பது உங்களுக்குத் தெரியுமா? பெங்களூருவில் உள்ள கேஸ் டர்பைன் ஆராய்ச்சி நிறுவனம், தேஜஸ் போர் விமானத்துக்காக 1989-ல் 'காவேரி' திட்டத்தைத் தொடங்கியது. அது ஒரு வினாடிக்கு 78 கிலோ காற்றை உறிஞ்சும். அதாவது வினாடிக்கு ஒரு நெல் மூட்டை! 1996-ல் முதன்முதலாக ஓடியது. எட்ட வேண்டிய தள்ளுவிசை 81 கிலோ நியூட்டன், எட்டியது சுமார் 70. எனவே 2008-ல் தேஜஸ் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. தேஜஸ் அமெரிக்க இன்ஜினில் பறக்கிறது.

ஆனால் காவேரி வற்றிவிடவில்லை. 2010 நவம்பரில் ரஷ்யாவில் ஒரு பெரிய விமானத்தில் பொருத்தப்பட்டு வானில் ஓடிக் காட்டியது. அதன் எரிபொருளை ஆளும் டிஜிட்டல் கவர்னரையும் நம் பொறியாளர்களே உருவாக்கினார்கள். இன்று அதன் இன்னொரு வடிவம் ஆளில்லா விமானத்துக்காக உருவாகி வருகிறது. வெப்பம் தாங்கும் உலோகம், எரிபொருளை ஆளும் கணக்கு, இந்த இரண்டையும் எந்த நாடும் சும்மா சொல்லித் தராது. நாமேதான் கற்க வேண்டும்.

நண்பர்களே, சக்தி இருந்தால் மட்டும் போதாது, அதை ஆளவும் தெரிய வேண்டும். நாம் இயற்பியலில் படிக்கும் மையவிலக்கு விசையும், வேதியியலில் படிக்கும் எரிதலும் இந்த இன்ஜினுக்குள்தான் கைகோத்து நிற்கின்றன.

சிந்திக்க ஒரு கேள்வி: சித்திரை மாத வெயிலில் காற்று சூடாகி அடர்த்தி குறையும். அப்போது விமானம் புறப்பட அதிக தூரம் ஓட வேண்டுமா, குறைந்த தூரமா? விடையைக் காரணத்தோடு எழுதி, கீழே உள்ள பெட்டியில் போடுங்கள்.



— பதினொன்றாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவன்